போர்வைக்குக் கம்பிப் பட்டி தைத்த கதை

தையல் தொழிலில் ஒரு விதி உண்டு: நன்றாக அமைந்துவிட்டால் அது துணியின் அழகு, கோணிக்கொண்டால் அது தையல்காரியின் கை. ஊசி பிடித்துப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஸ்பானரோ கரண்டியோ துடைப்பமோ பிடித்து, மேலே ஒரு ஆபீஸரையும் வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. அதனால் உங்களையெல்லாம் என் ஜாதியில் சேர்த்துக்கொண்டே பேசுகிறேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் என் கடை. இரண்டு மிஷின். ஒன்றில் நான், இன்னொன்றில் பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி வரும் மும்தாஜ். ஜாக்கெட், ஃபால்ஸ், ஜிப் மாற்றுவது, பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஆட்களின் யூனிஃபார்மைப் பிடிப்பது, இதுதான் பிழைப்பு. அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் போர்வை தைத்தேன். வெளிநாட்டில் சில பேர் ஒட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்ள மாட்டார்கள், சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்காகப் போர்வையின் பின்பக்கம், மேல் ஓரத்தில், நீளமாக ஒரு துணிக் குழாய் தைத்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கம்பை நுழைத்து மாட்டினால் போர்வை முழுக்க ஒரே சீராகத் தொங்கும், துணியில் ஒரு பொத்தல் விழாது. கம்பெனியில் ஸ்லீவ் என்பார்கள். நாங்கள் கம்பிப் பட்டி என்போம். இந்த ஊரில் அந்த வித்தை எனக்குச் சோறு போடாது என்றுதான் நினைத்திருந்தேன். போன சித்திரையில் அதற்கும் ஒரு கிராக்கி வந்தது.

சுவருக்குக் குளிர்

கன்னியம்மா என்று ஒருத்தி, எஸ்டேட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்டில் பெருக்குகிறவள். அவள் புருஷன் ஏழுமலையும் அதே கம்பெனியில் பதினோரு வருடம் லோடிங் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் காலையில் மார் வலிக்கிறது என்றார், சாயங்காலம் இல்லை. அவருடைய நீல யூனிஃபார்ம் சட்டைகளைக் கத்தரித்து, சட்டைப் பைகளைக்கூட எடுக்காமல் அப்படியே ஒட்டுப் போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, அவளே ஒரு போர்வை தைத்திருந்தாள். நாலரை அடி அகலம், ஐந்தடி நீளம். தையலுக்கு மார்க் போடச் சொன்னால் நான் நாற்பதுக்கு மேல் போட மாட்டேன். ஆனால் மழையானாலும் வெயிலானாலும் அவள் அதைத்தான் போர்த்திக்கொண்டு படுக்கிறாள்.

கம்பெனியில் குடும்ப விழா வைத்து, வீட்டில் செய்த பொருள் ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார்கள். இவள் போர்வையைக் கொண்டுபோனாள். எச்.ஆர். சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ரிசப்ஷன் சுவரில் பத்து நாள் மாட்டி வைக்கலாம் என்றார். கான்ட்ராக்டில் பெருக்குகிறவள் முடியாது என்று சொல்ல முடியுமா? ஆணி மட்டும் அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் தூக்கி வந்தாள். "எனக்குனு இருக்கறது இது ஒண்ணுதான்க்கா. எப்டி போவுதோ அப்டியே ஊடு திரும்பணும்" என்றாள். திரும்பும், நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

எச்.ஆர். சாருக்குப் போன் போட்டேன். நாலு ஆணி அடித்தால் வேலை முடிந்தது, இதற்கு எதற்கு டெய்லர் என்று கேட்டார். மொத்தக் கனமும் நாலு பொத்தலில் தொங்கினால் பத்து நாளில் பொத்தல் கிழிசலாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். எம்.பி.ஏ. படித்தவருக்கு அது புரிய கால் மணி நேரம் ஆயிற்று. போனை வைத்ததும் மும்தாஜ் போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "இந்த வெயில்ல நம்மளே காத்தாடி கீழ வெந்துக்கினு கெடக்கறோம், அவுங்க சொவுத்துக்கு மட்டும் இன்னாக்கா குளிரு?"

தொப்பை

பட்டியின் அளவுக்கு மெயின்டனன்ஸ் இன்ஜினியரைப் பார்க்கச் சொன்னார்கள். போனேன். அவர் கையில் ஒரு ட்ராயிங் தயாராக இருந்தது. ஒரு துணிக் குழாய்க்கு முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம். கம்பியின் வெளிச் சுற்றும் பட்டியின் உள் சுற்றும் ஒரே அளவு. கீழே "டைட் ஃபிட்" என்று கொட்டை எழுத்து. பாவம், வாழ்க்கையில் துணி என்ற ஒன்றை அவர் உடுத்தியிருக்கிறாரே தவிர யோசித்ததில்லை.

கம்பிப் பட்டியின் ரகசியமே அதன் தொளதொளப்புதான். போர்வையோடு சேரும் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், சுவரைப் பார்க்கிற பக்கம் கொஞ்சம் தொப்பை போட்டுத் தொங்க வேண்டும். கம்பின் உருண்டை அந்தத் தொப்பைக்குள் உட்கார்ந்துகொள்ளும். இறுக்கித் தைத்தால் அந்த உருண்டை முன்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும், மேல் வரிசை முழுக்க இழுத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் எவ்வளவு தொப்பை என்றார். ஒரு விரல் கூடுதல் என்றேன். யார் விரல் என்றார். என் விரலைக் காட்டினேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதர் மேஜை டிராயரிலிருந்து வெர்னியர் எடுத்து என் ஆள்காட்டி விரலை மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு ரொம்பக் கவலையாகச் சொன்னார்: "அளவு ஓகே மேடம், ஆனா தொப்பைக்குன்னு எங்க ட்ராயிங்ல சிம்பல் கிடையாதே."

இரும்பு

கம்புக்கு ஃபோர்மேன் பொறுப்பு. ஆந்திரத் தடாப் பக்கத்துக்காரர், எல்லோரும் நைனா என்று கூப்பிடுவார்கள், அவரும் எல்லோரையும் அப்படியேதான் கூப்பிடுவார். இரண்டு பேரைத் தோள் கொடுக்கச் சொல்லி ஒரு இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். போர்வை இரண்டு கிலோகூட இருக்காது. அந்தக் குழாயில் ஒரு மாட்டைத் தொங்கவிடலாம். இதை மாட்டினால் போர்வை கிழியாது, உங்கள் சுவர்தான் பெயரும் என்றேன்.

ஒரு இன்ச் மரக் கம்பு போதும், திரைச்சீலைக்குப் போடுகிறார்களே அது மாதிரி, என்றதும் அந்த ஷெட்டில் நின்றவர்கள் முகமெல்லாம் சுருங்கிவிட்டது. இரும்பு உருக்குகிற இடத்தில் போய் மரம் என்று கெட்ட வார்த்தை பேசிவிட்டேன் போலிருக்கிறது. மூன்று நாள் யோசித்தார்கள். மீட்டிங் போட்டார்கள் என்றும் கேள்வி. நாலாம் நாள் நைனா ஒரு கம்பைக் கொண்டுவந்து கடையில் வைத்தார். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. தூக்கிப் பார்த்தால் மரம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு கோட்டு சில்வர் பெயிண்டு அடிச்சிட்டேன் நைனா, எம்.டி. தட்டிப் பாக்காத வரைக்கும் இது இரும்புதான்."

மேல் வரிசைப் பை

பட்டிக்குப் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்தேன். புதுத் துணி போட்டால் பிறகு தண்ணீர் பட்டுச் சுருங்கி, போர்வையையும் சேர்த்து இழுக்கும். பழைய துணி சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். ஒன்பது அங்குல அகலம், மடித்துத் தைத்தால் நாலு அங்குலக் குழாய். இரண்டு முனையிலும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி நிறுத்தினேன், இல்லாவிட்டால் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். குழாயைப் போர்வையோடு சேர்ப்பது கைத்தையல். ஊசி பின்துணியையும் கொஞ்சம் பஞ்சையும்தான் கவ்வ வேண்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கடை டெய்லர் வந்து, மிஷினில் ஓட்டினால் பத்து நிமிஷம் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவர் வைக்கிற காஜா ஒரு மாதம் தாங்குவதில்லை, புத்திக்கு மட்டும் குறைவே இல்லை.

இரண்டு நாளில் முடித்தேன். ஒன்பது வருட அனுபவம், கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன் என்று மும்தாஜிடம் பீற்றிக்கொண்டும் இருந்தேன். கன்னியம்மா வந்தாள். நான் தைத்த பட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முன்பக்கம் மேல் வரிசையில் இடது ஓரத்துச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். கை பாதியில் நின்றது. என் ஊசி அங்கே இரண்டு தையலில் ஆழமாகப் போய்ப் பையின் உள்துணியைச் சேர்த்துப் பிடித்திருந்தது. வெளியே நூல் தெரியவில்லை, ஆனால் பை மூடிக்கொண்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர் ஆபீஸரையெல்லாம் ஏளனம் செய்த வாய் அது. அங்கேயே உட்கார்ந்து பிரித்து, மேலோட்டமாகத் திரும்பத் தைத்தேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சமாதானம் சொல்வது போலத்தான் சொன்னாள்: "ஒண்ணும் இல்லக்கா, படுக்கசொல்ல இந்தப் பையிலதான் கைய வெச்சிக்குவேன், அதான் பாத்தேன்."

காட்டன் வேஸ்ட்

எஸ்டேட் கம்பெனிகளில் ஒரு பழக்கம், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கேட்டுக்குள் எந்தப் பொருள் போனாலும் எழுத வேண்டும். வெளியே வர வேண்டுமானால் அந்த எழுத்தைக் காட்டி பாஸ் வாங்க வேண்டும். பாஸ் இல்லாமல் ஒரு திருகாணி வெளியே வராது. நானும் கன்னியம்மாவும் போர்வையோடு போய் நின்றோம். செக்யூரிட்டி ஸ்டோர் கிளார்க்கிடம் அனுப்பினார். ஸ்டோர் கிளார்க் கம்ப்யூட்டரில் தேடினார். நட்டு இருக்கிறது, போல்ட்டு இருக்கிறது, கிரீஸ், கையுறை, செயின் எல்லாம் இருக்கிறது. போர்வை இல்லை. புதிதாக ஒரு பெயர் சேர்ப்பதென்றால் ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டுமாம்.

தேடித் தேடித் துணி என்று ஒரே ஒரு பெயரைக் கண்டுபிடித்து அதில் போட்டுவிட்டார்: காட்டன் வேஸ்ட், எண்ணிக்கை ஒன்று. மிஷினில் எண்ணெய் துடைக்கிற கழிவுத் துணி. கன்னியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குத் தெரியும். இது பத்து நாளில் திரும்பப் போகணும் சார், அதையாவது எழுதுங்கள் என்றேன். கொட்டாவி விட்டுக்கொண்டே பதில் சொன்னார்: "தொடைக்கிற துணி எந்தக் கம்பெனிலம்மா திரும்பிப் போயிருக்குது, பேஜாரு பண்ணாம கையெழுத்து போடு."

போட்டோ

மாட்டும்போது நான் நிற்க வேண்டும் என்று எச்.ஆர். சார் சொல்லியிருந்தார். விழுந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. போர்வை சுவரில் ஏறியது. சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. நீலத்துக்கு நீலம் வித்தியாசம். புதுச் சட்டையின் நீலம் ஒன்று, துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம் ஒன்று, தோளில் மூட்டை பட்டுத் தேய்ந்த நீலம் ஒன்று. மேல் ஓரம் நூல் பிடித்தது போல நேராக நின்றது. நைனா மட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். எச்.ஆர். சார் போர்வைக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் பொழிந்தார். தொழிலாளர் நலன், பெண்கள் முன்னேற்றம், கழிவிலிருந்து கலை. கம்பெனியே உட்கார்ந்து ஊசி கோத்த மாதிரி ஒரு பேச்சு. ஏழுமலை என்ற பெயர் வரவில்லை. வந்தவர்களில் ஒரு அம்மாள் மட்டும் இதைத் தைத்தது யார் என்று கேட்டாள். சார் சிரித்தார், எங்கள் டீம் என்றார். அந்த டீம் அப்போது மூன்றடி தள்ளி, வந்தவர்களின் ஷூ மண்ணைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுக்கப்போகும் நேரத்தில் சார் அவள் பக்கம் திரும்பினார். கூப்பிடப்போகிறார் என்று நான்கூட ஒரு வினாடி நம்பினேன். "கன்னியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கமாப் போய்ப் பெருக்கும்மா, போட்டோல விழறே."

சனிக்கிழமை லாரி

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, போர்வையைக் கழற்ற என்னையும் மும்தாஜையும் கூப்பிட்டார்கள். கன்னியம்மா முதலில் பாஸ் வாங்க ஸ்டோருக்குப் போனாள். போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். நான் போய் ஸ்டோர் கிளார்க்கிடம் கேட்டேன். காட்டன் வேஸ்ட் உள்ளே வந்து பத்து நாள் ஆகிவிட்டதாம். கம்ப்யூட்டர் கணக்குப்படி அது மிஷினைத் துடைத்து அழுக்காகிவிட்டதாம். எண்ணெய்த் துணி கேட் வழியாகக் கையில் போகக் கூடாது, கழிவு ஏற்றுகிற லாரியில்தான் போக வேண்டும், சட்டமாம். லாரி நாளைக் காலை வருகிறதாம். சுவரில் தொங்குகிறதே, வந்து பார், ஒரு சொட்டு எண்ணெய் இருக்கிறதா என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாரே தவிர சுவரைப் பார்க்க எழுந்து வரவில்லை.

எச்.ஆர். சாரிடம் ஓடினோம். பத்து நாளைக்கு முன் கலை என்று பொழிந்தவர், இப்போது சிஸ்டம் விடாது என்றார். ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டுப் பெயரை மாற்றினால்தான் உண்டு, அதற்கு மூன்று மாதமாகும், அதற்குள் லாரி பன்னிரண்டு தடவை வந்துவிடும். கன்னியம்மா அழவில்லை. நாற்காலி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். திரும்பும் என்று வாக்குக் கொடுத்தவள் நான். சார் அவளைப் பார்த்து மனம் இளகி, மீட்டிங்குக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்: "வருத்தப்படாதம்மா, கம்பெனி செலவுல புதுசா ஒரு பிளாங்கெட் வாங்கித் தரச் சொல்றேன், நல்ல பிராண்டு."

உடம்பில் இருப்பது

ரிசப்ஷனில் நாங்கள் மூன்று பேரும் சுவரும்தான். கம்பை உருவினேன். போர்வை பூ மாதிரி கையில் விழுந்தது, ஒரு பொத்தல் இல்லை, ஒரு நூல் பிரியவில்லை. இத்தனை சுத்தமாகத் தைத்து லாரிக்குக் கொடுப்பதா என்று ஆத்திரமாக வந்தது. கண்ணாடி வழியே கேட் தெரிந்தது. சங்கு ஊதி ஷிப்ட் விட்டிருந்தார்கள். வரிசையில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பையைத் திறந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார் செக்யூரிட்டி. ஆனால் போட்டிருந்த சட்டைக்கு யாரிடமும் பாஸ் கேட்கவில்லை.

என் பையில் பாவாடை நாடா எப்போதும் ஒரு சுருள் இருக்கும். முனையில் ஒரு ஊக்கைக் குத்திக் கம்பிப் பட்டிக்குள் விட்டேன். இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் உருவ அரை நிமிஷம். இரண்டு முனையையும் இழுத்ததும் நாலரை அடிப் போர்வை கொசுவம் கொசுவமாகச் சுருங்கியது. கன்னியம்மாவின் கழுத்தில் வைத்து, முன்னால் இறுக்கி ஒரு முடிச்சு. ஏழுமலையின் பதினோரு வருடச் சட்டையும் அவள் தோளிலிருந்து கால் வரைக்கும் இறங்கியது, அரையடி தரையில் புரண்டது. புரண்டதை மும்தாஜ் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உச்சி வெயிலில் அப்படியே நடந்தோம். வரிசையில் நின்றவர்கள் தாமாக விலகி வழி விட்டார்கள்.

செக்யூரிட்டி எங்கள் மூன்று பேர் பையையும் குடைந்தார். என் கத்தரியை எண்ணினார். கன்னியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "இது இன்னாம்மா?" என்றார். "போத்திக்கினு கீறேண்ணே" என்றாள். அவள் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. அவர் மேஜையிலிருந்த ரூல் புத்தகத்தை எடுத்தார், ஒரு விரலை நக்கி நாலு பக்கம் புரட்டினார், மூடினார். தடுப்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "உடம்புல கட்டிக்கினு கீறதுக்கு பாஸ் கேக்க சொல்லி எங்கியும் எழுதல, போ. ஆனா திங்கக்கெழம டூட்டிக்கு வரசொல்ல இத்த ஊட்டுலயே வெச்சிட்டு வாம்மா, உள்ள வந்தா இவனுங்க உன்னியும் சேத்து வேஸ்ட்டுனு எழுதிடுவானுங்க."

ஆக, தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: ஒரு பொருளை எப்படி மாட்டுவது என்று சொல்லித்தர ஆளுக்கு ஒரு ஆபீஸர் வருவார், அதை எப்படிக் கழற்றி வீடு சேர்ப்பது என்பதை மட்டும் தையல்காரிதான் யோசித்துக்கொள்ள வேண்டும்.